ரெட்டைப் பிள்ளைக்கு அந்த ரெண்டு நாள்

போன வாரம் உடுமலைல இருந்து எங்க சித்தி பொண்ணு போன் பண்ணுனா. குரலக் கேட்டதுமே தெரிஞ்சுது, அழுதுட்டுத்தான் பேசறான்னு. "அக்கா, ஸ்கேன்ல ரெட்டைன்னு சொல்லீட்டாங்க, உனக்கு மாதிரி எனக்கும் முன்னாடியே பொறந்துருமாக்கா, அப்படி ஆகாம இருக்க நான் என்ன பண்ணோணும்"னு கேட்டா. ஒரு மணி நேரம் பேசுனோம், அப்புறமும் எனக்கு மனசு ஆறல, சொல்ல விட்டதெல்லாம் ராத்திரி பூரா ஞாபகம் வந்துட்டே இருந்துச்சு. இதே கேள்விய இதுக்கு முன்னாடியும் நாலஞ்சு பேர் கேட்டிருக்காங்க, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சர்றேன்.

நான் டாக்டர் இல்லைங்க. பொள்ளாச்சி பக்கம் ஒரு கயிறு மில்லுல அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சு, முட்டை வளர மாத்திரை எடுத்து தங்கின கரு. 32 வாரத்துல ரெண்டு பொண்ணுங்க பொறந்தாங்க, பெரியவ ஒன்றரைக் கிலோ, சின்னவ 1 கிலோ 340 கிராம். இப்ப ரெண்டு பேரும் ஸ்கூல் போறாங்க. அந்த கர்ப்ப காலத்துலயும் அதுக்கப்புறமும் டாக்டர்ங்ககிட்ட கேட்டு, தேடித் தேடிப் படிச்சு தெரிஞ்சுக்கிட்டதத்தான் சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயத்த மனசுல வாங்கிக்கோணும். ரெட்டைப் பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல 37 வாரத்துக்கு முன்னாடியே பொறந்துரும். அம்மா மாடிப்படி ஏறுனதாலயோ குடம் தூக்குனதாலயோ பப்பாளி சாப்பிட்டதாலயோ இல்ல. ஒரு குழந்தைக்கு 40 வாரத்துல விரியற அளவுக்கு கர்ப்பப்பை ரெண்டு குழந்தைக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே விரிஞ்சுருது, அந்த இழுவை தாங்காம சுருங்க ஆரம்பிக்குது, கீழ வாய்ப்பகுதி இளகுது. இன்னொரு பங்கு, பிபி ஏறிடுச்சு, ஒரு குழந்தை வளரலன்னு டாக்டரே சீக்கிரம் எடுக்க வேண்டி வர்றது. ரெட்டைன்னா பிபி வர்ற ஆபத்து அதிகம், அதனாலதான் நிறைய டாக்டர்ங்க மூணு நாலு மாசத்துலயே சின்ன டோஸ் ஆஸ்பிரின் எழுதறாங்க. அத பயந்துட்டு நிறுத்தாதீங்க, எதுக்குன்னு கேட்டு தெரிஞ்சுக்கிட்டு சாப்பிடுங்க. ரத்தசோகையும் யூரின் இன்ஃபெக்‌ஷனும் சத்தமில்லாம இருக்கும், ரெண்டுக்கும் டெஸ்ட் பண்ணி வைத்தியம் பாத்துக்கோங்க.

ரெட்டைன்னு தெரிஞ்ச உடனே கேக்க வேண்டிய முதல் கேள்வி பையனா பொண்ணான்னு இல்ல, அது கேக்கவும் கூடாது. நச்சுக்கொடி ஒண்ணா ரெண்டா, அதான் கேள்வி. 11 வாரத்துல இருந்து 14 வாரத்துக்குள்ள பண்ற என்டி ஸ்கேன்லதான் அது தெளிவாத் தெரியும், ரெண்டு குழந்தைக்கும் நடுவுல இருக்கற திரை நச்சுக்கொடில சேர்ற இடத்துல முக்கோணமா சதை தெரிஞ்சா தனித்தனி, மெல்லிசா நேரா போய் ஒட்டியிருந்தா ஒண்ணேதான். மாசம் ஏற ஏற அந்த அடையாளம் மங்கிரும். எனக்கு தனித்தனி, டிசிடிஏன்னு ரிப்போர்ட்ல போட்டிருந்துச்சு. ஒரே நச்சுக்கொடின்னா ஒரு குழந்தைக்கு ரத்தம் அதிகமாவும் இன்னொண்ணுக்கு கம்மியாவும் போற ஆபத்து இருக்கு, அதனால 16 வாரத்துல இருந்து ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஸ்கேன் கட்டாயம். எல்லாம் நல்லா இருந்தாலும் தனித்தனி நச்சுக்கொடின்னா 37 வாரத்தச் சுத்தியும், ஒரே நச்சுக்கொடின்னா 36 வாரத்தச் சுத்தியும் எடுத்துருவாங்க, அதுக்கு மேல வெச்சிருந்தா குழந்தைக்கு ஆபத்து. டாக்டர் தேதி குறிச்சா "ஏன் அவசரப்படறாங்க"ன்னு சண்டைக்குப் போகாதீங்க.

இப்ப என் விஷயம். அஞ்சாம் மாச ஸ்கேன வீட்டுக்குப் பக்கத்துல ஒரு சென்டர்ல பாத்தோம். வயித்து மேல வெச்சுப் பாத்துட்டு ரெண்டு குழந்தையும் நார்மல்னு எழுதிக் குடுத்தாங்க, நாங்களும் கோயிலுக்குப் போயிட்டு சந்தோசமா வீட்டுக்கு வந்துட்டோம். அந்த ரிப்போர்ட்ல கர்ப்பப்பை வாய் நீளம்னு ஒரு வரியே இல்லைங்கறது எனக்கு அப்ப தெரியாது. ரெண்டு வாரம் கழிச்சு கோயம்புத்தூர்ல காமிச்ச டாக்டரம்மா ரிப்போர்ட்ட ரெண்டு தடவ திருப்பிப் பாத்துட்டு, "செர்விக்ஸ் பாக்கலியாம்மா"ன்னு கேட்டுட்டு, யூரின் போயிட்டு வரச்சொல்லி பிறப்புறுப்பு வழியா உள்ள விட்டு பாக்கற ஸ்கேன் பண்ணுனாங்க. கூச்சமாத்தான் இருந்துச்சு, ஆனா வலியெல்லாம் இல்ல, அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுது. ஸ்கிரீன என் பக்கம் திருப்பி விரல் வெச்சுக் காமிச்சாங்க, "இந்த வாய் கோடு மாதிரி நேரா மூடி இருக்கோணும், உனக்கு மேல்பக்கம் புனல் மாதிரி விரிய ஆரம்பிச்சிருக்கு பாரு, மூடியிருக்கறது இவ்வளவுதான்"னாங்க. 18 மில்லிமீட்டர். 25க்கு கீழ போனாலே குட்டைன்னு கணக்கு. எனக்கு ஒரு வலி கிடையாது, ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, அன்னைக்கு காலைல கூட வீட்டுல எல்லாருக்கும் தோசை சுட்டுப்போட்டுட்டுதான் பஸ் ஏறுனேன். வயித்து மேல வெச்சுப் பாத்தா இது சரியாத் தெரியாது, ஒண்ணுக்கு முட்டிட்டு இருந்தா வாய் நீளமா இருக்கற மாதிரி காட்டும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதனால யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது, 18 வாரத்துல இருந்து 24 வாரத்துக்குள்ள உள்ள விட்டு பாக்கற ஸ்கேன் ஒண்ணு கேட்டு வாங்கி பண்ணுங்க, அளவு எத்தனைன்னு மில்லிமீட்டர்ல எழுதச் சொல்லுங்க.

எனக்கு ராத்திரி ராத்திரி பிறப்புறுப்புக்குள்ள வெச்சுக்கற புரோஜெஸ்டிரோன்ங்கற ஹார்மோன் மாத்திரை குடுத்தாங்க. இதுல ஒரு குழப்பம் இருக்கு, கொஞ்சம் பொறுமையா படிங்க. ரெட்டைன்னு தெரிஞ்ச எல்லாருக்கும் இந்த மாத்திரைய குடுத்தா குறைப்பிரசவம் குறையுமான்னு பெரிய பெரிய ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டாங்க, 2021ல வந்தது ஒண்ணு, ஆயிரத்துக்கு மேல ரெட்டை சுமந்த பொம்பளைங்கள வெச்சு ஐரோப்பால பண்ணுனது, பிரயோஜனம் இல்லைன்னுதான் வந்துச்சு. ஆனா வாய் 25 மி.மீக்குள்ள இருக்கறவங்க கதை வேற. அந்த மாதிரி 303 பேரோட கணக்க பல ஆராய்ச்சிகள்ல இருந்து ஒண்ணு சேத்து 2017ல பாத்தப்போ, 33 வாரத்துக்கு முன்னாடி பிரசவம் ஆனது 43 சதவீதத்துல இருந்து 31 சதவீதமா குறைஞ்சிருந்துச்சு. நூத்துல பன்னெண்டு பேருக்கு வித்தியாசம். யாருக்கு இந்த மாத்திரை உதவும்னு தெரியறதுக்கே அந்த அஞ்சு நிமிச ஸ்கேன் வேணும் பாருங்க.

வாரா வாரம் இடுப்புல போடற ஹார்மோன் ஊசி இருக்கு, நம்ம ஊர்ல ரெட்டைன்னாலே அது நடந்துட்டுதான் இருக்கு. 2007லயே அமெரிக்கால 661 ரெட்டைத் தாய்மார வெச்சு ஆராய்ச்சி பண்ணி பலன் இல்லைன்னு வந்துருச்சு, ஒத்தைக் குழந்தைக்குக் கூட உதவறது நிரூபணம் ஆகலன்னு 2023ல அந்த நாட்டு மருந்துத் துறை அனுமதியவே எடுத்துருச்சு. உங்களுக்கு அந்த ஊசி எழுதியிருந்தா எதுக்குன்னு மரியாதையா ஒரு வார்த்தை கேளுங்க, நல்ல டாக்டர் பதில் சொல்லுவாங்க. கர்ப்பப்பை வாய்ல சிலிகோன் வளையம் மாட்டறது இன்னொண்ணு. முதல்ல நம்பிக்கை குடுத்துச்சு, 2021ல வந்த ஆராய்ச்சில 500 பேர வெச்சு பாத்தப்போ பலன் தெரியல.

கர்ப்பப்பை வாய்ல தையல் போடறதப் பத்தி எல்லாரும் கேக்கறாங்க. ரெட்டைன்னு ஒரே காரணத்துக்காக முன்கூட்டியே தையல் போட்டா உதவாது. ஆனா ஆறு மாசத்துக்குள்ளயே வாய் திறந்துக்கிட்டு பனிக்குடம் கண்ணுக்கு தெரியற நெலமைல இருக்கறவங்களுக்கு மட்டும் 2020ல வந்த ஒரு சின்ன ஆராய்ச்சி பெரிய வித்தியாசத்த காமிச்சுது. மொத்தம் 30 பேர்தான், தையல் போடாதவங்களோட குழந்தைங்க அவ்வளவு இறந்ததால பாதிலயே நிறுத்திட்டாங்க. என் பக்கத்துக் கட்டில்ல இருந்த பொண்ணுக்கு 21 வாரத்துல வாய் திறந்துருச்சு, முதல்ல காமிச்ச இடத்துல "இனி ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொல்லீட்டாங்களாம், அவங்க வீட்டுக்காரர் விடாம இன்னொரு இடத்துக்கு அன்னைக்கே கூட்டிட்டு வந்து தையல் போட்டு 30 வாரம் வரைக்கும் போனாங்க. எல்லாருக்கும் அப்படி அமையாது, எனக்கு தெரியும். கேட்டுப் பாக்கற உரிமை மட்டும் எல்லாருக்கும் இருக்கு.

அப்புறம் படுத்தே இருக்கறது. வாய் குட்டையாயிருச்சுன்னு தெரிஞ்சதும் எங்க வீட்டுல என்னை கட்டில விட்டு இறங்க விடல. தட்டுல சோறு, பக்கத்துல செம்புல தண்ணி, ஒண்ணுக்குப் போகக்கூட யாராவது கைய புடிச்சுக்கிட்டு. பாசத்துலதான், எனக்கு கோவமே இல்ல. ஆனா ஜிம்பாப்வே நாட்டுல ஹராரே நகரத்துல 1980கள்லயே ரெட்டைத் தாய்மார ஆஸ்பத்திரில சேத்து படுக்க வெச்சுப் பாத்துட்டாங்க, குறைப்பிரசவம் அதனால குறையல. படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் உறையும், தசை இளைச்சுரும், மனசும் கெட்டுப்போகும். நான் ரெண்டாவது வாரத்துலயே சும்மா படுத்துக்கிட்டு விட்டத்தப் பாத்து அழ ஆரம்பிச்சுட்டேன். டாக்டரம்மா அடுத்த செக்கப்புல வீட்டுக்காரரையும் அத்தையையும் உள்ள கூப்பிட்டு, கனமான வேலையும் நீண்ட பயணமும் வேண்டாம், வீட்டுக்குள்ள நடக்கட்டும், திண்ணைல உக்காரட்டும்னு சொன்னப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

பயணம்னதும் ஞாபகம் வருது. எங்க பக்கம் ஏழாம் மாசம் வளைகாப்பு, கட்டுச்சோறு எல்லாம் பண்ணி பொண்ண தாய் வீட்டுக்கு கூட்டிட்டுப் போவாங்க. ஒத்தைப் பிள்ளைக்கு சரி. ரெட்டைக்கு அந்த 28ல இருந்து 32 வாரம்தான் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டு பாக்க வேண்டிய காலம், அப்பப் போய் பச்சக் குழந்தைங்களுக்கான ஐசியூ எதுன்னே தெரியாத ஊருக்கு மாத்தறது எனக்கு சரியாப் படல. நாங்க வளையல மட்டும் வீட்டோட அடுக்கிட்டோம், அம்மாவ இங்க வரவெச்சுட்டோம். சித்திகிட்டயும் இதத்தான் சொல்லியிருக்கேன்.

"ஏழாம் மாசத்துல பொறந்தா தங்கும், எட்டாம் மாசத்துல பொறந்தா தங்காது"ன்னு பெரியவங்க சொல்றதும் தப்புங்க. உள்ள இருக்கற ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் லாபம். இந்த பேச்ச நம்பி எட்டாம் மாசம் வலி வந்தப்போ "இனி என்ன பண்ணி என்ன"ன்னு மெதுவா கிளம்புன ஒரு குடும்பத்த எனக்கு தெரியும்.

இனி அந்த ராத்திரி. 31 வாரமும் ரெண்டு நாளும். பத்து மணிக்கு அடிவயிறு கல்லு மாதிரி இறுகுச்சு, அப்புறம் விட்டுச்சு. வலின்னு சொல்ல முடியாது, இறுக்கம்தான், கூடவே நடு இடுப்புல ஒரு கனம், கீழ என்னமோ அழுத்தற மாதிரி. அத்தைகிட்ட சொன்னேன். "சூட்டு வலியா இருக்கும் கண்ணு, மத்தியானம் பூரா வெக்கைல உக்காந்திருந்தியில்ல"ன்னு சீரகத் தண்ணி காச்சிக் குடுத்தாங்க, கால்ல விளக்கெண்ணெய் தடவி விட்டாங்க. எங்க வீட்டுல நாலு பிரசவம் பாத்த கை அது, நானும் நம்பத்தான் செஞ்சேன். ஆனா டாக்டரம்மா ஒரு விஷயம் திரும்பத் திரும்ப சொல்லியிருந்தாங்க, வலியப் பாக்காத, கடிகாரத்தப் பாருன்னு. போன எடுத்து இறுக்கம் வர்ற நேரத்த எழுத ஆரம்பிச்சேன். 10.42, 10.51, 10.59, 11.08, 11.15. இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தும் நிக்கல. ஒண்ணுக்குப் போயிட்டு வந்தப்போ சளி மாதிரி வெள்ளையா, லேசா ரோஸ் கலர்ல பட்டுச்சு. அந்த அஞ்சு நேரத்தையும் வீட்டுக்காரர்கிட்ட காமிச்சேன், அவர் ஒரு வார்த்தை பேசல, சட்டைய மாட்டிட்டு ஃபைல எடுத்துட்டார்.

முதல்ல ஊர்ல இருக்கற ஒரு சின்ன நர்ஸிங் ஹோம். டியூட்டி நர்ஸக்கா வயித்துல கைய வெச்சு பத்து நிமிசம் உக்காந்து பாத்தாங்க, டாக்டருக்கு போன் பண்ணுனாங்க, வாய் ரெண்டு செ.மீ திறந்திருக்கு, எங்ககிட்ட குழந்தைங்க ஐசியூ இல்ல, கோயம்புத்தூர் போயிருங்கன்னாங்க. ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி அவங்க பண்ணுன ஒரு காரியத்த நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். "இருங்க, லங்ஸ் ஊசி முதல் டோஸ் போட்டு அனுப்பறேன், ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு"ன்னு டெக்ஸாமெத்தசோன் போட்டு, போட்ட நேரம் 12.20ன்னு சீட்டுல பெருசா எழுதி கைல குடுத்தாங்க. 108 வந்துச்சு. கிணத்துக்கடவு தாண்டறப்போ வீட்டுக்காரர் அந்த சீட்ட இறுக்கிப் புடிச்சிருந்தது இன்னைக்கும் கண்ணுல நிக்குது.

அந்த ஊசியோட கதைய அப்புறம் படிச்சேன். நியூசிலாந்துல ஆக்லாந்துல லிக்கின்ஸ்னு ஒரு டாக்டர் ஆட்ட வெச்சு பிரசவ வலி எப்படி ஆரம்பிக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்திருக்கார். ரொம்ப முன்னாடியே பொறந்து மூச்சு விடவே முடியாம இருக்க வேண்டிய ஆட்டுக்குட்டி, இந்த ஸ்டீராய்டு மருந்து போயிருந்ததால மூச்சு விட்டுட்டு இருந்திருக்கு. அப்புறம் ஹோவின்னு இன்னொரு டாக்டரோட சேந்து இதே வகை ஸ்டீராய்ட 282 தாய்மார வெச்சு ஆராய்ச்சி பண்ணி 1972ல வெளியிட்டாங்க. நுரையீரல் காத்துப்பை ஒட்டிக்காம இருக்க ஒரு வழவழப்பு தேவை, அது சீக்கிரம் சுரக்க இந்த ஊசி உதவுது. நம்ம நாட்டுல ஆறு மில்லிகிராம் வீதம் 12 மணி நேரத்துக்கு ஒண்ணா நாலு ஊசி, கிராமத்து நர்ஸுங்களே முதல் ஊசிய போட்டு அனுப்பலாம்னு 2014லயே மத்திய அரசு வழிகாட்டுதல் குடுத்திருக்கு. இந்தியாவும் சேந்து அஞ்சு நாட்டுல நடந்து 2020ல வந்த ஆராய்ச்சிலயும் குழந்தைங்க இறப்பு குறைஞ்சுது. ஊசி போட்டு ஒரு நாள் ஆனதுக்கப்புறம் ஒரு வாரத்துக்குள்ள பொறந்தா முழு பலன்.

வலிய நிறுத்தறதுக்கு குடுக்கற மாத்திரை ஒண்ணு இருக்கு. அது பிரசவத்த ஒன்பது மாசத்துக்கு தள்ளாது. ரெண்டு நாள் வாங்கித் தரும், அவ்வளவுதான். அந்த ரெண்டு நாள்லதான் நாலு ஊசியும் உள்ள போகுது, மூளைய காப்பாத்தற மெக்னீசியம் ட்ரிப்பும் போகுது. அது ஏறறப்போ அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி உடம்பெல்லாம் காந்தும், பயந்துராதீங்க. குழந்தைங்க வயித்துக்குள்ள இருக்கறப்பவே ஐசியூ இருக்கற இடத்துக்குப் போய் சேந்துர்றதும் அந்த நேரத்துலதான். குறைப்பிரசவத்த தடுக்கறதுன்னு எல்லாரும் கேக்கறாங்களே, ரெட்டைக்கு பாதி நேரம் தடுக்க முடியாதுங்க, ஆனா இந்த ரெண்டு நாள சம்பாதிக்க முடியும். சூட்டு வலின்னு நான் விடியற வரைக்கும் படுத்திருந்தா எனக்கு அது கிடைச்சிருக்காது.

எனக்கு ஆறு நாள் கிடைச்சுது. 32 வாரம் ஒரு நாள்ல பனிக்குடம் உடைஞ்சுது, பெரியவ குறுக்க கிடந்ததால ஆபரேசன். ரெண்டு பேருமே அழுதாங்க. அந்த சத்தத்துக்குத்தான் நாலு ஊசி. சின்னவளுக்கு மூக்குல காத்துக் குழாய் மூணு நாள் இருந்துச்சு, வென்டிலேட்டர் தேவைப்படல. ஐசியூல 29 நாள். மூணாவது நாள்ல இருந்து நெஞ்சோட நெஞ்சா கங்காரு மாதிரி வெச்சுக்க சொன்னாங்க, இப்பெல்லாம் பொறந்த உடனேயே வெச்சா இறப்பு இன்னும் குறையுதுன்னு டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் சேந்து பண்ணுன ஆராய்ச்சி 2021ல வந்திருக்கு. எனக்கு ரெண்டு குழந்தை, ஒரு நெஞ்சு. அதனால சின்னவள அத்தை வாங்கிக்கிட்டாங்க, ஜாக்கெட் கொக்கிய கழட்டி உள்ள வெச்சு சேலைய சுத்திக்கிட்டு தினம் நாலு மணி நேரம் அசையாம உக்காந்திருப்பாங்க. சூட்டு வலின்னு சொல்லீட்டேனே கண்ணுன்னு ஒரு நாள் அழுதாங்க, நானும் அழுதேன்.

வீட்டுக்கு அனுப்பறப்போ எவ்வளவு அவசரம் இருந்தாலும் ஒண்ண மறக்காதீங்க. 34 வாரத்துக்கு முன்னாடி பொறந்தாலோ ரெண்டு கிலோவுக்கு கீழ இருந்தாலோ 30 நாளைக்குள்ள கண்ணு விழித்திரை டெஸ்ட் பண்ணியே ஆகோணும், ரொம்ப சின்னக் குழந்தைன்னா இன்னும் முன்னாடியே. விட்டா பார்வை போயிரும், நேரத்துல பாத்தா காப்பாத்திரலாம்.

வேலைக்குப் போறவங்களுக்கு: 26 வாரம் பேறுகால லீவுல பிரசவத்துக்கு முன்னாடி 8 வாரம் வரைக்கும் எடுத்துக்கலாம். குறைமாசத்துல பொறந்தாலோ கர்ப்பத்தால உடம்புக்கு முடியலன்னாலோ அதுக்கு மேல இன்னும் ஒரு மாசம் வரைக்கும் சம்பளத்தோட லீவு சட்டத்துலயே இருக்கு. எங்க மில்லுல யாருக்கும் அது தெரியாது, நான்தான் சட்டத்த பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன்.

சித்தி பொண்ணுக்கு அடுத்த மாசம் 20 வாரம். ஸ்கேனுக்கு நானும் கூடப் போறேன், ஒரு நாள் லீவு சொல்லியாச்சு. கட்டில் பக்கத்துல ஒரு பேப்பர ஒட்டி வெக்கச் சொல்லியிருக்கேன்: கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி லேபர் வார்டு நம்பர், 108, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்புனாலும் வண்டி எடுக்கற பக்கத்து வீட்டு அண்ணன் நம்பர். நேத்து ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருந்தா, கீழ அவளே பெருசா ஒண்ணு எழுதியிருந்தா, "கடிகாரத்தப் பாரு"ன்னு.